பன்னிரண்டு படங்கள்

"டிசைன் காலேஜ்ல இலவச சீட் வேணும்னா, வரைஞ்ச படங்களை இன்னைக்கே காட்டணும். படங்க எங்கேம்மா?" திரேஸ்புரம் கடற்கரையில் நின்று கேட்டார், சென்னையிலிருந்து வந்த தேர்வாளர்.

"பன்னிரண்டும் கடலுக்குப் போயிருக்கு மேடம். மத்தியானம் வந்துரும்" என்றாள் டெக்லா.

"நல்லாக் கதை விடுற!"

ஆனாலும் காத்திருந்தார்.

வெயிலில் மிதந்தபடி வள்ளங்கள் ஒவ்வொன்றாய்க் கரை சேர்ந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு படம்: நிலாவைச் சுமக்கும் சிப்பி, கூந்தலை வலையாய் விரித்த மாதா, இறகு முளைத்த சுறா.

"ஏளா டெக்லா, என் சுறாவுக்குப் பல்லு வரைய மறந்துட்டியே!" என்றது வள்ளத்திலிருந்து ஒரு குரல்.

தேர்வாளர் எண்ணினார். "பதினொண்ணுதானே இருக்கு?"

"மொதப் படம் எங்க அப்பா வள்ளத்துல வரைஞ்சேன். போன வருசம் போன வள்ளம். அப்பாவும் இன்னும் வரல."

அவர் படிவத்தில் எழுதினார்: 'பார்த்த படங்கள் பன்னிரண்டு.'