தினம் தொலையும் மேட்ரன்

"நம்ம மேட்ரன் இன்னிக்கும் தொலைஞ்சு போயிட்டாங்களாம். சமையலறைக்குள்ள நுழைஞ்சு, ஆபரேஷன் தியேட்டர் இதுதானேன்னு கேட்டிருக்காங்க."

"சமையல்காரர் என்ன சொன்னாராம்?"

"ஆமாங்க மேடம், வெங்காயத்துக்கு நடக்குது, கொஞ்சம் வெளியில உட்காருங்கன்னாராம்."

நர்ஸுகள் அறையே சிரித்தது.

"இருந்தாலும் தலைமையில இருக்கறவங்களுக்கு ஒரு மிடுக்கு வேணாமா? நம்மளை நடத்த வேண்டியவங்களே நடுவழியில முழிச்சா எப்படி?" என்றாள் ஒருத்தி.

நியாயம்தானே என்றுதான் பெரியக்காவுக்கும் பட்டது. ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் அவள். எல்லாருக்கும் பெரியக்கா.

பழைய கட்டடத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவாள். இந்தப் புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்துதான் வழி தடுமாறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி கதவு. வந்த புதிதில் ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு தள்ளிக்கொண்டு போர்வைகள் வைக்கிற அறைக்குள் போய்விட்டாள்.

"என்னம்மா, என்னையும் மடிச்சு அடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "இத்தனை வருஷ மானம் ஒரே நாள்ல போச்சு. வேலையை விட்டுடறேன்" என்று அழுதாள்.

மறுநாள் மேட்ரன் தொலைந்தார்.

நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "யாராவது என்னை எக்ஸ்ரே ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்" என்றார்.

பக்கத்தில் இருந்தது பெரியக்கா. "எனக்கும் தெரியாது மேடம்" என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"அப்பாடா, துணைக்கு ஆள் கிடைச்சாச்சு. வாங்க சிஸ்டர், சேர்ந்தே தொலைவோம்."

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் வழி கேட்க யாருக்கும் வெட்கமில்லை. பெரிய டாக்டர்கூடப் பெருக்குகிறவரை நிறுத்திக் கேட்டார். கேட்டுக் கேட்டே பெரியக்காவுக்கு மூலை முடுக்கெல்லாம் அத்துப்படியாகிவிட்டது.

"வேலையை எப்ப விடறே?" என்றார் கணவர்.

"மேட்ரனே தொலையறாங்க. எனக்கென்ன அவசரம்?"

இன்று கதவு ஒன்றைச் சரிசெய்யத் தச்சர் வந்திருந்தார். பெரியக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, எல்லாக் கதவையும் இப்படியா ஒரே மாதிரி வைப்பீங்க? எங்க மேட்ரன் தினமும் வழி தெரியாமத் திண்டாடறாங்க."

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"யாரு, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? அஸ்திவாரம் போட்ட நாள்லேர்ந்து எங்களோடவே நின்னவங்க அவங்க. எந்த ரூம் எங்க வரணும்னு சொன்னதே அவங்கதான். ஒரு கதவைக் கொஞ்சம் தள்ளி வெச்சதுக்கு என்னை வறுத்தெடுத்துட்டாங்க. அவங்களுக்கா வழி தெரியாது?"

பெரியக்காவுக்குக் கண் நிறைந்தது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், ஃபார்மசி எந்தப் பக்கம்?" பின்னால் மேட்ரனின் குரல்.

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சற்றுத் தள்ளி, இன்றுதான் வேலைக்குச் சேர்ந்த சின்ன டாக்டர், போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தபடி ஒவ்வொரு கதவாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மறந்துபோச்சு மேடம்" என்றாள் பெரியக்கா சத்தமாக. "டாக்டர், நீங்களும் வர்றீங்களா? சேர்ந்தே தொலைவோம்."