மோந்து பார்த்த சம்பந்தம்

கனகம் அம்மாள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். ஜன்னல்களை ஏற்கெனவே சாத்தியாயிற்று. வெளியே சித்திரை வெயில். உள்ளே, இட்லிப் பானைக்குள் மூடி போட்டு உட்கார வைத்தது போல ஓர் அவியல்.

"வாசனை பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் போயிடக் கூடாது பாருங்க. அப்புறம் இந்த வட்டம் பூரா எங்க வூட்டப் பத்தித்தான் பேசிக்கினு இருக்கும்" என்றபடி வந்தவர், வருங்கால மருமகள் இளவேனிலை ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார். பாசமான பிடிதான். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்து ராட்சத இயந்திரம் மண்ணைக் கவ்வுகிற பிடி.

மேஜைமேல் நாலு கண்ணாடிக் கிளாஸ்கள். அவற்றுக்கு முன்னால் இளவேனிலின் அப்பா நல்லசாமி, கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசை கிடைத்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நாலும் வெளிர் நிறம்தான்" என்றான் கனகத்தின் மகன் ஹரி. அவன் சொகுசுக் கப்பலில் விருந்தாளிகளுக்கு ஒயின் பரிமாறுகிறவன், லீவில் வந்திருந்தான். "ரெண்டு, வெள்ளை ஒயின் கலவை. ஒண்ணு பிரான்ஸ், ஒண்ணு தென்னாப்பிரிக்கா. மத்த ரெண்டும் ஸ்பிரிட் சேர்த்து வீரியம் ஏத்தினது. ஸ்பெயின் ஷெர்ரி, போர்ச்சுகல் வெள்ளைப் போர்ட்."

"சும்மா விளையாட்டுதான் சம்பந்தி" என்றார் கனகம். "அவன் பொழப்பு என்னன்னு நீங்களும் தெரிஞ்சிக்கணும்ல? குடிக்கவெல்லாம் வேணாம். மோந்து பார்த்து, எது எந்த ஊருன்னு சொன்னாப் போதும்."

இளவேனிலின் சுதந்திரமான இன்னொரு கையில் போன் அதிர்ந்தது. எதிரே இருக்கும் ஹரிதான், மேஜைக்கு அடியிலிருந்து அனுப்பியிருந்தான். 'விளையாட்டு இல்ல, பரீட்சை. ஒண்ணு சரியாச் சொன்னாலும் மாமா குடிகாரர்னு அம்மா முடிவு பண்ணிடுவாங்க. கல்யாணம் கேன்சல். எப்படியாவது தடு!'

கனகத்தின் அண்ணன் குடித்தே அழிந்தவர். மூடி திறக்கும் முன்பே பாட்டிலின் பெயரைச் சொல்லக்கூடிய மூக்கு அவருடையது. அன்றிலிருந்து, சரக்கின் வாசனை தெரிந்தவன் எவனும் கனகத்துக்கு ஆகாது. பெற்ற மகன் மட்டும் விலக்கு. வாயில் வைத்தாலும் துப்பிவிடுவதாக அவன் சத்தியம் செய்திருக்கிறான்.

தடுக்கவா? நல்லசாமியையா? அவருடைய ஜெர்மனிக் கதையைக் கேட்காத காக்கை நெய்வேலியில் கிடையாது. சுரங்கத்தில் சர்வீஸில் இருந்தபோது இயந்திரப் பயிற்சிக்கென்று ஒரே ஒரு மாதம் போய் வந்தவர். அந்த ஒரு மாதத்தில் ரைன் நதிக்கரைத் திராட்சைத் தோட்டம் அத்தனையையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டு வந்ததாகத்தான் பேச்சு. "கண்ணக் கட்டி விடுங்கல, மோந்து பார்த்தே எந்தத் தோட்டம்னு சொல்லுதேன்!" என்று ஆர்ச் கேட் டீக்கடையில் சவால் விடுவார். அது கனகம் காதுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

இளவேனில் இருமினாள். "தண்ணி குடிம்மா" என்று கனகம் செம்பை நீட்டினார். மேஜைக்கு அடியில் அப்பாவின் காலை ஓங்கி மிதித்தாள். "ஆ" என்றான் ஹரி.

நல்லசாமி முதல் கிளாஸின் தண்டை இரண்டே விரலால் பிடித்தார். லேசாக ஒரு சுழற்று. மூக்கை உள்ளே விட்டார். மூன்று வருடக் காதல் அந்த மூக்கின் நுனியில் ஊசலாட, இளவேனில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா, என்னா காரம்! மூளை வரைக்கும் ஏறுது. இது ஸ்பெயின் ஷெர்ரி."

ஹரியின் முகம் கல்லாக இருந்தது. கனகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது போர்ச்சுகல் போர்ட். சந்தேகமே வேண்டாம்" என்றார் இரண்டாவதற்கு. மூன்றாவதைக் கொஞ்சம் அதிக நேரம் மோந்தார். "இது சாதுவா இருக்கு. பிரான்ஸ்காரன் கலவை." நாலாவதைத் தள்ளி வைத்தார். "மிச்சம் என்ன, தென்னாப்பிரிக்காதான்."



"அம்மா, நாலும் தப்பு" என்றான் ஹரி. "முதல் ரெண்டும்தான் கலவை. மூணாவது போர்ட், நாலாவது ஷெர்ரி."

"ஒண்ணுகூடவாடா படல?"

"ஒண்ணுகூட இல்ல."

கனகம் பிடியை விட்டார். இளவேனிலின் விரல்களுக்கு ரத்தம் திரும்பி வந்தது. "பச்சப்புள்ள மாதிரி மனுசனப் போயி என்னென்னவோ நெனச்சிக்கினு இருந்துட்டேனே! வாயி மட்டுந்தான் ஜெர்மனி!" என்று சிரித்தவர் எழுந்துபோய்க் கதவு, ஜன்னல் அத்தனையையும் திறந்துவிட்டார். தட்டு நிறையப் பலாச்சுளை வந்தது. "அவரு ஷிஃப்ட் முடிச்சி வரட்டும், சொல்லிடறேன். ஆவணியில முகூர்த்தம் வெச்சிக்கலாம் சம்பந்தி!"

ஸ்கூட்டியின் பின்னால் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆர்ச் கேட்டைத் தாண்டும்வரை இளவேனில் சிரிப்பை அடக்கி வைத்திருந்தாள்.

"அப்போ ஜெர்மனிக் கதை மொத்தமும் டூப்பாப்பா? நாலு பெயர், நாலு கிளாஸ். கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாக்கூட ஒண்ணாவது பட்டிருக்குமே!"

பின்சீட்டிலிருந்து நல்லசாமி அவள் காதருகே குனிந்தார்.

"ஏட்டி, சம்பந்தியம்மா அண்ணன் கதை எனக்கும் தெரியும். நாலையும் தப்பாச் சொல்லணும்னா நாலும் தெரிஞ்சிருக்கணும்லா!"