கிறகோரி விட்ட மீன்கள்

மூன்றாவது பாரை மீனும் கடலுக்கே திரும்பிப் போனபோது, வெயில் எவ்வளவு ஏறிவிட்டது என்று கிறகோரி நிமிர்ந்து பார்த்தான்.

தூண்டில் போட்ட கோப்பாய்ச் செல்வரட்ணத்தார் முதல் மீனை விட்டபோது அவன் ஒன்றும் நினைக்கவில்லை. அவனுடைய ஊரான மணற்காட்டில் முதல் மீன் கோயில் அந்தோனியாருக்கு. இவரோ சைவக்காரர். அவர்களுக்கும் கடலில் யாராவது ஒரு சாமி இருக்கும், இது அந்தச் சாமியின் பங்கு என்று எண்ணி, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

இரண்டாவதை விட்டபோது, இவர் இரண்டு சாமி கும்பிடுகிறவர் போல என்று பொறுத்துக்கொண்டான்.

மூன்றாவது பாரை முழங்கை நீளம். அதை அவர் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, வாயில் கொளுவியிருந்த தூண்டில் முள்ளை மெல்லக் கழற்றி, ஆங்கிலத்தில் மன்னிப்பும் கேட்டு விட்டுவிட்டார். மணற்காட்டுப் பாரைக்கு ஆங்கிலம் எங்கே தெரியப்போகிறது? அது பதில் சொல்லாமல் ஓடிவிட்டது.

செல்வரட்ணத்தார் லண்டனில் தலை நரைத்தவர். இந்திய இராணுவம் போய், அடுத்த சண்டை தொடங்காமல், சனம் கொஞ்சம் மூச்சு விட்ட அந்தத் தொண்ணூறாம் ஆண்டுச் சித்திரையில் லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர் வீடு வீடாக இழுத்துத் திரிந்ததில் களைத்துப்போய், கடற்கரையில் நின்று மீன் பிடிப்பதுதான் தனக்கு விடுமுறை என்று சொல்லி, சக்கரம் பூட்டிய நீளத் தூண்டிலோடு மணற்காட்டுக்கு வந்து இறங்கினார். எந்த இடத்தில் மீன் கடிக்கும் என்று கூட நின்று காட்ட ஓர் ஆள் வேண்டுமாம்.

கிறகோரிதான் முந்திக்கொண்டான். கூலி பேச வாயெடுத்தவரை மறித்து, கூலியே வேண்டாம், மீன் பட்டால் போதும் என்றான். தன்னுடைய கொள்கையும் அதுதான் என்று அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மீன், மச்சமே வாயில் வைக்காத மனிதர் பிடிக்கிற மீன் வேறு யாருடைய சட்டிக்குப் போகும்? இதுதான் கிறகோரியின் யோசனை.

அந்தச் சட்டி இப்போது வீட்டில் காத்துக்கொண்டிருந்தது. மகள் யசிந்தாவைத் தன் மகனுக்குக் கேட்டு, கட்டைக்காட்டிலிருந்து அருட்பிரகாசம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். அவரும் கடற்றொழில்காரர். கிறகோரியின் வள்ளத்து இயந்திரமோ பருத்தித்துறையில் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. அயலில் கேட்டால் மீன் தருவார்கள். ஆனால் சம்பந்தம் பேச வந்தவருக்கு இரவல் மீனில் குழம்பு வைத்த வீடு என்ற கதை, அவர் திரும்பிப் போவதற்கு முன்னமே கட்டைக்காட்டுக்குப் போய்விடும். போதாததற்கு, பெரிய பாரையோடு வருகிறேன் என்று மனைவி மரியநாயகியிடம் வீம்பு பேசிவிட்டு வேறு வந்திருந்தான்.

தூண்டில் மறுபடி வளைந்தபோது, ஏன் விடுகிறீர்கள் என்று பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டான்.

“நான் சைவமெல்லே, கிறகோரி. பிடிக்கிறதிலைதான் சந்தோசம். ஒரு உயிரை எடுத்துப்போட்டு அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது?” என்றார் செல்வரட்ணத்தார்.

அந்தப் பாவத்தைச் சுமக்க மணற்காடு முழுக்க ஆள் இருக்கிறது என்று சொல்ல வாய் உன்னியது. விழுங்கிக்கொண்டான்.

பிறகு பணிவாக ஓர் உபாயம் சொன்னான். கரைக்கு இழுத்து மணலில் புரட்டினால் பாவம், அந்த மீன்கள் அரை உயிராகிவிடும். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொள்கிறேன், நூல் என்னிடம் வந்ததும் அங்கேயே கழற்றி விட்டுவிடுகிறேன், ஐயா நனையத் தேவையில்லை.

செல்வரட்ணத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. லண்டனிலும் இப்படி ஒரு மனிதரைக் காணவில்லை என்றார்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அவர் கரையில் நின்று சுற்றுவார். கிறகோரி நடுவில் மறித்து, குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, மீனோடு ஏதோ கதைப்பதுபோல் வாயை அசைத்துவிட்டு நிமிர்வான். பெரிய விளைமீன் ஒன்றை விட்டபோது சிலுவை அடையாளமும் போட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளை வேட்டியும் சேட்டுமாக அருட்பிரகாசம் மணலில் இறங்கி வந்தார். கிறகோரி வீட்டில் இல்லை என்று தேடி வந்திருக்கிறார். செல்வரட்ணத்தார் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு கடலைக் காட்டிக் காட்டிக் கதைப்பது கிறகோரிக்குத் தெரிந்தது. என்ன கதைப்பார் என்பதும் தெரிந்தது.

பட்ட மீனைக் கடலில் விடுகிற வீட்டில் எந்தக் கடற்றொழில்காரன் பெண் எடுப்பான்? பைத்தியம் பரம்பரையாக வரும் என்று அல்லவா பயப்படுவான். உண்மையை உரத்துச் சொல்லவும் வழியில்லை, கரையில் செல்வரட்ணத்தார் நிற்கிறார்.

அருட்பிரகாசத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டினார். நல்ல வேட்டி என்றும் பாராமல் தண்ணீருக்குள் இறங்கி, நேரே கிறகோரியை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்து நின்றவர் தற்செயலாகக் குனிந்து பார்த்தார்.

சித்திரைக் கடல் அசையாமல் தெளிந்து கிடந்தது. கிறகோரியின் இடுப்பிலிருந்து தண்ணீருக்குள் தொங்கியது மீன் போடுகிற பனையோலை உமல். பிள்ளைத்தாச்சி வயிறுபோல் உப்பி, உள்ளே துடித்துக்கொண்டிருந்தது.

அருட்பிரகாசம் நிமிர்ந்தார். கரையைத் திரும்பிப் பார்த்தார். செல்வரட்ணத்தார் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது நூல் மறுபடி இழுபட்டது. அருட்பிரகாசம் தானே எட்டிப் பிடித்து, அந்தப் பாரையின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை மிகுந்த இரக்கத்தோடு கழற்றினார்.

“சம்மந்தி, உமலின்ரை வாயை வடிவாய் விரிச்சுப் பிடியுங்கோ. இதையும் விட்டுவிடுவம்.”