ஏழு இருபதுக்கு ஒரு முகம்

ஏழு இருபது ஆகிவிட்டது. முகம் வரவில்லை.

வராது என்று எனக்கே தெரியும். விடிந்ததிலிருந்து காற்று பேயாய் அடிக்கிறது. இந்தக் காற்றில் யாரும் டவர் கிரேனில் ஏற மாட்டார்கள்.

மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே ஜன்னலைப் பார்த்தேன். நான்கு தெரு தள்ளி என் கணவர் ஓட்டும் கிரேன் நின்றது. ஆளில்லாத அதன் நீண்ட கை காற்று தள்ளிய பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. இப்படி அவிழ்த்து விடாமல் பிரேக் போட்டு வைத்தால் கிரேனே சாய்ந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் அவர்தான் சொன்னார்.

முகம் என்றால், போன் மெசேஜில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறியும் பிளந்த வாயுமாக ஒன்று இருக்குமே, அந்த மஞ்சள் முகம்.

கிரேன் வேலைக்குப் போன முதல் நாள் அவர் முந்நூற்றுச் சொச்சம் படி ஏறி, நிஜமாகவே தலை சுற்றிப்போய் அனுப்பியிருந்தார். நான் பதறிப்போய்ப் பத்துத் தடவை கூப்பிட்டேன். சாயங்காலம் வந்து சத்தம் போட்டார். மேலே உட்கார்ந்துவிட்டால் போனைத் தொடக் கூடாதாம்.

அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஏறியதும் அவர் அந்த முகத்தை அனுப்புவார். நான் பதில் போடக் கூடாது.

செத்தவன் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்று அம்மா முகம் சுளிப்பாள். அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் என விளக்கப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். ஒன்பது மாதம் ஆகிறது.

அற்பச் சண்டை. என் தம்பி கல்யாணத்துக்கு அவர் லீவு போடவில்லை. நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. அதற்கப்புறம் பேச்சே கிடையாது.

முகம் மட்டும் வேலை நாள் ஒன்றில்கூடத் தவறியதில்லை.

பல் தேய்ப்பது மாதிரி, வெறும் கைப்பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வராதே, அதுவே சாட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் லேசில் முடிவதில்லை.

நானும் பதில் போட்டதில்லை. போடக் கூடாது என்ற ஏற்பாடு என் வீம்புக்கு வசதியாக இருந்தது.

ஏழு நாற்பது. ஒரு லென்ஸைத் தேவைக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினேன். பக்கத்து மெஷின் அக்கா, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அவர் வேண்டும். ஒன்பது மாதமாகச் சுற்றி வளைத்தது இவ்வளவுதான்.

ஏழு ஐம்பதுக்குப் போன் அதிர்ந்தது.

அதே முகம்.

நிமிர்ந்து பார்த்தேன். கிரேன் இன்னும் காற்றோடுதான் போய்க்கொண்டிருந்தது. மேலே யாரும் இல்லை.

கீழே நிற்கிற மனுஷனோடு பேச என்ன தடை? மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் காற்று இரைந்தது.

"இன்னிக்கு ஏறலை," என்றார்.

"தெரியும்ங்க. கிரேன் தெரியற ஜன்னலாப் பார்த்துத்தான் இந்த வேலையிலயே சேர்ந்தேன்."