திருவடி தரிசனம்

“நகப்பூச்சைத் துடைச்சாத்தான் ஆபரேஷன். இல்லாட்டி வீட்டுக்குக் கிளம்புங்க.”

செவிலி நீட்டிய பஞ்சைக் கண்டதும் தோங்கம் இரு கைகளையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். நெல்லறுத்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் பத்திலும் செக்கச்செவேலென்று பூச்சு.

பூசிவிட்டவள் அவர் மனைவி புவாலை. அவர்களுடைய இசான் வட்டாரத்தில், திடகாத்திரமான ஆண்கள் இரவில் படுத்து விடியலில் எழாமற்போவதுண்டு. கணவன் தேடி அலையும் விதவைப் பேய் அழைத்துப் போய்விட்டது என்பார்கள். நகம் சிவந்திருந்தால், இது பெண் என்று எண்ணிப் பேய் விலகிவிடுமாம். தோங்கத்தின் தம்பி பூசிக்கொள்ள வெட்கப்பட்டான், போய்விட்டான்.

டாக்டர் அனுசித் மாணவர் புடைசூழ எழுந்தருளினார்.

“என்ன அண்ணே, அலங்காரம் பலமா இருக்கு? ஆபரேஷனா, கல்யாணமா?”

மாணவர்கள் கடமை தவறாமல் சிரித்தார்கள்.

“மயக்க மருந்து குடுத்தா தூங்கிடுவேனே டாக்டர். அப்போ அவ வந்துட்டா?”

“வந்தா டோக்கன் வாங்கிட்டு வெளியில உக்காரச் சொல்றேன். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அபூர்வமா சில பேருக்கு வர்ற இதயக் கோளாறு. தூக்கத்துல துடிப்பு தாறுமாறாகி நின்னுடும். நெஞ்சுல ஒரு கருவி வெச்சா, அதுவே ஓர் உதை குடுத்து எழுப்பிவிடும்.”

“எத்தனையோ தடவை படம் எடுத்துட்டு, இதயம் நல்லா இருக்குன்னீங்களே?” என்றாள் புவாலை.

“அது ஒளிஞ்சுக்கும் அண்ணி. காய்ச்சல் அடிக்கும்போது எடுத்தோம், மாட்டிக்கிச்சு.”

“அவளும் அப்படித்தான் டாக்டர். தேடினா அம்பிடமாட்டா.”

சிரித்துவிட்ட மாணவி ஒருத்தி, டாக்டர் சிரிக்காததைக் கண்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

“விரல்ல மாட்டுற கருவிக்குப் பூச்சு இருந்தா, மூச்சுக் குறையறது சரியாத் தெரியாது. அறிவியல் வேணுமா, பேய் வேணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க” என்று திருவாய் மலர்ந்தருளிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

தோங்கம் முடிவு செய்துவிட்டார். “புவாலை, பையை எடு.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இப்படியே வீடு திரும்பினால் இரவெல்லாம் விழித்திருந்து அவர் மூச்சைக் காவல் காக்க வேண்டும். ஒரு நாள் அவள் கண்ணயர்ந்தால் போதும்.

அறுவை அறை வாசலுக்கு ஓடினாள். மாணவர்களை அனுப்பிவிட்டு, டாக்டர் அங்கே தனியாக நின்றிருந்தார். காலணியும் காலுறையும் கழற்றி, உள்ளே போடும் ரப்பர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நீங்க இன்னொரு தடவை அவர்கிட்ட பேசணும் டாக்டர்” என்று கைகூப்பிக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

டாக்டரின் கால்விரல்கள் பத்தும் செக்கச்செவேலென்று இருந்தன.

“உங்களுக்குமா டாக்டர்?”

டாக்டர் இருபுறமும் பார்த்துக்கொண்டார். சற்றுமுன் வார்டையே அதிரவைத்த குரல் இப்போது அவளுக்கே பாதிதான் கேட்டது.

“எனக்கும் இதே வியாதிதான். கருவி வெச்சு எட்டு வருஷம் ஆச்சு. அண்ணன் கையைத் துடைச்சுட்டு, கால்ல பூசிவிட்டு, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. கால்ல இருந்தா எங்க வேலைக்கு இடைஞ்சல் இல்ல.”

புவாலை பைக்குள் கைவிட்டுப் பூச்சுக் குப்பியைத் தடவிப் பார்த்தாள். மீதி இருந்தது. ஆனாலும் கேட்காமல் போக மனம் வரவில்லை.

“அப்போ கருவி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

“எனக்கு முழு நம்பிக்கை இருக்கு அண்ணி” என்றார் டாக்டர், செருப்புக்குள் விரல்களை மறைத்தபடி. “அந்தப் பேய்க்கும் இருக்கணுமே.”