நம்மாளு

கணவர் செல்போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டதைப் பார்த்ததும், தன் கதை முடிந்துவிட்டது என்று கட்டிலில் படுத்திருந்தவளுக்கு விளங்கிவிட்டது.

முப்பத்தைந்து வருஷமாகச் சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் அவர். சொந்த மகளின் கல்யாண மேடையில் நின்றுகொண்டே யாருக்கோ குடிநீர்க் குழாய் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். அந்தப் போன் அணைந்து அவள் பார்த்ததே கிடையாது.

தொகுதியில் எல்லோருக்கும் அவர் 'நம்மாளு'. ஊருக்கெல்லாம் நம்மாளு, வீட்டில் மட்டும் ஆளையே காணோம். ஏழு தேர்தலில் ஜெயித்தவரிடம், உங்கள் மனைவிக்கு முட்டிவலி எந்தக் காலில் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

அப்படிப்பட்டவர் இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதுவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

காலையில் அடுப்படியில் நின்றவள், "தலை லேசா சுத்துதுங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால், "தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருப்பார். இன்றைக்கு வீடே அதிரும்படி கத்தி, உதவியாளரை விரட்டி, அவளைத் தானே கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்.

டாக்டர் ஒரே ஒரு தடவை வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், கணவரை வெளியே கூட்டிப்போய் ஏதோ பேசினார். அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சட்டசபையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, இன்னிக்கு நம்பிக்கை ஓட்டெடுப்பு இல்ல? நம்ம ஆட்சி நூலிழையில தொங்குது, ஒரு ஆள் கொறஞ்சாலும் கவுந்துடும்னு நேத்து சாப்பிடும்போது சொன்னீங்களே. கெளம்புங்க."

"சபை கெடக்கு, விடு. உன்ன இப்படிப் போட்டுட்டு நான் எங்க போறது?"

"உங்க கட்சிக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"கட்சி என்ன, பொண்டாட்டியவிடப் பெருசா? பேசாம படு."

அவள் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயத்தால் அல்ல. சாவு இப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தால், கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்று நினைத்தாள். இத்தனை வருஷம் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை இனியும் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது?

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"ம்."

"ஏழு தேர்தல்லயும் நீங்க தோத்துடணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன். வாசல்ல எல்லாரும் உங்களத் தூக்கிட்டு ஆடுறப்ப, நான் உள்ள கதவச் சாத்திட்டு அழுவேன். தோத்தா வீட்டோட இருப்பீங்கள்ல? அதுக்குத்தான்."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பார்வை டிவியிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயப்படுகிறார், பாவம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

"உங்க பிரஷர் மாத்திரை அலமாரியில நீல டப்பாவுல இருக்கு. ராத்திரி மறந்துடாதீங்க. மகளுக்கு நீங்களா ஒரு போன் பண்ணிப் பேசுங்க, அவளுக்கு உங்க மேல கோவம். அப்புறம்… உங்கள மந்திரியா பாக்காமப் போறேன், அது ஒண்ணுதான் குறை."

"அதெல்லாம் பாப்ப. தூங்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் அவர் கையிலிருந்து எடுக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உதவியாளர் உள்ளே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"ஐயா, கவுந்துடுச்சு! ஒரே ஒரு ஓட்டுல! நீங்க மட்டும் போயிருந்தா தப்பிச்சிருப்பாங்க!"

அவள் திடுக்கிட்டுப் பாதி எழுந்தாள்.

"ஐயையோ, எல்லாம் என்னாலதான்! என் ஒருத்திக்காக ஆட்சியையே விட்டுட்டீங்களே!"

அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதறினாள். துக்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்த அழுகை அது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கிடந்த பட்டினியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

அவர் கையை உருவிக்கொண்டு எழுந்தார். கண்ணாடியில் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். முகம் பளபளவென்றிருந்தது.

"அந்தப் பக்கத் தலைவருக்குப் போனப் போடு" என்றார் உதவியாளரிடம். "அவங்க சொன்னபடி நான் ஓட்டுப் போடப் போகல. எனக்குச் சொன்ன மந்திரி பதவி வந்தாகணும். எந்தத் துறைன்னு இப்பவே பேசிடலாம்."

"நம்ம கட்சியில ஏன் வரலன்னு கேட்டா?"

"பொண்டாட்டி உயிருக்குப் போராடுறான்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. எவன் வாயத் திறப்பான்?"

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க… அப்போ எனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எழுந்திரு."