சிவப்புக் காரில் ஒரு கோடு

"இது உங்க வேலைதானே?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் வந்து கேட்டதும், பக்கத்து வீட்டு பிளம்பர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"என்ன வேலை சார்?"

"என் கார் கதவைப் பாருங்க. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கீறல். உங்க பைப்பு உரசாம இது எப்படி வந்துச்சு?"

"பைப்பை நான் தோள்ல தூக்கிட்டுப் போறவன் சார். உங்க காரு பக்கமே போறதில்ல. பயம்."

சொல்லிவிட்டு பிளம்பர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊரில் கார் வாங்கினவர்கள் காரில் போவார்கள். கண்ணாடிக் கடைக்காரரோ காருக்குக் காவல் இருந்தார். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால்தான் அதைத் துடைப்பார். சொந்த மச்சானையே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். பூனை நடந்தாலும் எழுந்து பார்ப்பார். தூக்கம் கெட்டு, கடையில் ஒருவருக்கு இடக்கண் கண்ணாடியை வலக்கண்ணில் மாட்டிக் கொடுக்க, அந்த மனிதர் படியில் உருளப் பார்த்தார்.

அதைவிடக் கொடுமை மாலை ஜெபம். கல்யாணமான நாள் முதல் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முழங்கால் போட்டு, கண்ணை மூடி ஜெபிப்பது அந்த வீட்டு வழக்கம். கார் வந்த பிறகு அவர் பாயை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.

"கடவுளைக் கும்பிடுறீங்களா, காரைக் கும்பிடுறீங்களா?" என்று மனைவி கேட்டும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே பக்கம்தானே இருக்கு" என்று சமாளித்தார்.

கீறல் விழுந்த அன்று, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரை அவள்தான் எழுப்பினாள்.

"வாங்க, ஜெபிக்கலாம். பயந்தது நடந்தாச்சு. இனிமே எதைக் காவல் காக்கப் போறீங்க?"

பாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அவர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே..." என்று ஆரம்பித்தவருக்கு அழுகைதான் முதலில் வந்தது. "ஒரு தகரத்துக்காக உம்மை மறந்துட்டேன். அது எனக்கு ஒருநாள்கூட தூக்கம் தரல. ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன். உம்ம மடியில சாஞ்சுக்க விடும்."

மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்தப் பாயிலேயே சாய்ந்தவர், வெயில் முகத்தில் அடித்தபோதுதான் விழித்தார். தலைக்கு யாரோ தலையணை வைத்திருந்தார்கள்.

கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆணியிலிருந்து மனைவியின் வீட்டுச் சாவியை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்ப மாட்டிவிட்டுத் தன் சாவியை எடுத்துக்கொண்டார்.

நேரே பிளம்பர் வீட்டுக்குப் போனார்.

"மன்னிச்சிடுங்க. அது நீங்க இல்ல."

"அப்ப யாரு சார்?"

"யாரா இருந்தா என்ன? அந்தக் கை நல்லா இருக்கட்டும். வாங்க, வேலை செய்யற இடத்துல இறக்கி விடறேன்."

பிளம்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பைப்பு இருக்கே?"

"உள்ளே போடுங்க."

"செருப்பு?"

"செருப்போடயே ஏறுங்க."

அன்று மாலையும் பாய் சுவர்ப் பக்கமே கிடந்தது. இருவரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, கார்ல கோடு போட்டவங்களை நல்லா ஆசீர்வதியும்."

"ஆமென்" என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாகவே.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த மெல்லிய துணியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உன் சாவி நுனியில சிவப்புப் பெயின்ட் இன்னும் ஒட்டிட்டிருக்கு. துடைச்சு வெச்சிடும்மா."